கொட்டாஞ்சேனையில் இரண்டு பலூன்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்ததைப் பயணக் கட்டுரையாக எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி ரெஜினா சிரித்தாள். மொத்தம் பதினொரு கிலோமீற்றர். ஒழுங்கான காலமென்றால் முக்கால் மணித்தியாலப் பயணம். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோது மாலை ஆறரை. இந்த வலைப்பதிவைத் தொடங்கிய காலத்தில் மன்னார், திருகோணமலை என்றெல்லாம் போய் எழுதினேன். சண்டை நடக்கும் இப்போது யார் அப்படிக் கிளம்புகிறார்கள்? இந்த வருடம் நான் போன மிக நீண்ட பயணம் இதுதான்.

ஒரு கட்டடத்தின் முழக்கத்தை எப்படிப் பதிந்து கொண்டுவருவது என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் கண்டியில் ஒரு பழைய மண்டபத்தைப் பதியப் போவதாக எழுதியிருந்தார். அவர் புறப்படுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். நான் போன கோயில் எது என்று சொல்லமாட்டேன். துறைமுகப் பக்கமாக உள்ள ஒரு சிறிய மாதா கோயில், அவ்வளவு போதும். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் செய்யும் தொழிலை அறியாதவர்களுக்கு: வீட்டிலேயே கணினியில் ஒலித் தொகுப்புச் செய்கிறேன். வானொலி விளம்பரம், கல்யாண வீடியோ, கோயில் பாட்டு இறுவட்டு என்று வருவதையெல்லாம் எடுப்பேன். ரெஜினா கொட்டாஞ்சேனைப் பெண். அந்தக் கோயிலின் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடியவள். அந்தக் குழுவின் முக்கியமான ஐந்து குரல்களில் இன்று கொழும்பில் இருப்பது அவள் மட்டும்தான். ஜெராட்டும் அவனுடைய தம்பியும் ரொறொன்ரோவில். ஒருத்தி பாரிஸில். இன்னொருவர் குடும்பத்தோடு சென்னையில், விசாவுக்குக் காத்திருக்கிறார். இந்த வருடத் தொடக்கத்தில் ஜெராட் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டான். பழைய மாதா பாட்டுகளில் ஆறு. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் பாடிப் பதிந்து அனுப்புவது. நான் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பது. ஆளுக்கொரு இறுவட்டு.

குரல்கள் வந்து சேர்ந்தன. ஜெராட்டின் குரலுக்குப் பின்னால் நிலக்கீழ் அறையின் ஹீட்டர் உறுமியது. பாரிஸ்காரி குளியலறையில் நின்று பாடியிருந்தாள். ரெஜினாவை நான் எங்கள் அறையில் சுவரெல்லாம் மெத்தை சாத்தி வைத்துப் பதிந்தேன். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கேட்டால் சுருதி சரி, தாளம் சரி. ஆனால் ஐந்து பேர் ஐந்து தொலைபேசியில் பாடுவதுபோல் இருந்தது. ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று காது நம்பவில்லை.

இதற்கு மருந்து ரிவேர்ப். ஒரு அறையில் நாம் எழுப்பும் சத்தம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து மெல்ல மெல்ல அடங்குகிறதே, அந்த முழக்கத்தை மென்பொருளால் உண்டாக்கலாம். அறையின் அளவு, முழக்கம் அடங்க எத்தனை செக்கன், சுவர் சிமெந்தா துணியா என்று ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைக்கலாம். நான் மென்பொருளில் தயாராக இருந்த 'தேவாலயம்' என்பதைத் தெரிவுசெய்து ஒரு பாட்டை அனுப்பினேன். ஜெராட்டிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: "மச்சான், இது ஆர்ர கோயில்?"

எனக்குக் கோபம்தான். ரெஜினாவும் கேட்டுவிட்டு, பெரிய ஐரோப்பியக் கோயில்போல இருக்கிறது, அவர்களுடையதற்கு மரக்கூரை, ஓடு, சத்தம் இவ்வளவு பளபளப்பாக வராது என்றாள். ஒரு கிழமை மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இன்னொரு வழிதான் மிச்சம் என்று தெரிந்தது. உண்மையான கட்டடத்துக்குள் போய், குட்டையான, பலத்த ஒரு சத்தத்தை எழுப்பி, அது அடங்கும்வரை பதிந்துவர வேண்டும். அந்தப் பதிவை மென்பொருளுக்குக் கொடுத்தால் எந்தக் குரலையும் அந்தக் கட்டடத்துக்குள் நிற்க வைத்துவிடும். கைதட்டினாலும் ஓரளவு வரும், ஆனால் கைதட்டலில் கீழ்ச் சுருதி போதாது. பெரிய பலூன் ஒன்றை உடைப்பதுதான் மலிவான வழி.

கொழும்பில், குண்டு வெடிக்கும் இந்தக் காலத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், குட்டையான பலத்த ஒரு சத்தம். இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதைவிட எனக்குப் பயமான விடயம் இன்னொன்று இருந்தது. கோயில் சாவியும் பாடகர் குழுவின் பொறுப்பும் ரெஜினாவின் அப்பாவிடம். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் சைவக்காரன், சாவகச்சேரி. எங்கள் கல்யாணம் பதிவாளர் கந்தோரில் நடந்தது, அவர் வரவில்லை. "யாழ்ப்பாணத்தானைக் கட்டி என்ர வாசலுக்கு ஆமியைக் கூட்டிவரப் போறாய்" என்று மகளிடம் சொன்னவர். அதற்குப் பிறகு நான்கு வருடமாக ரெஜினா மாதத்துக்கு ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் அந்த வாசலை மிதித்ததில்லை. எங்களுக்குள் ஒரு சொல்லும் இல்லை.

ரெஜினா அவரிடம் விடயத்தைச் சொன்னாள். வருவது யார் என்பதையும் சொன்னாள். அவர் சனிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல் என்றாராம். அவளும் கூட வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போவதில்லை. வெள்ளவத்தையில் பல வீடுகளில் இப்போது இதுதான் வழக்கம். ஒருவர் பிடிபட்டால் தேடி வர இன்னொருவர் வெளியில் இருக்க வேண்டும்.

இனிப் பயணம். பையில் வைத்தவை: உள்ளங்கை அளவான ரெக்கோடர், ஹெட்ஃபோன், சிறிய முக்காலி, புதுப் பற்றரி இரண்டு சோடி, பெரிய பலூன் ஒரு பக்கெற். வயர் ஒன்றும் எடுக்கவில்லை, பார்த்தால் குண்டென்று நினைப்பார்கள். அடையாள அட்டை, வெள்ளவத்தையில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுப் பிரதி, ரெக்கோடர் வாங்கிய பற்றுச்சீட்டு ஆகியவை சட்டைப்பையில். காலி வீதியில் நின்று புறக்கோட்டை பஸ் எடுத்தேன். ஏறியதும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஆசனத்துக்குக் கீழே பொதி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் பையைப் பார்த்தாள். நான் அதை மடியில் வைத்து, சிப்பைத் திறந்தே விட்டேன்.

பம்பலப்பிட்டி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நடந்து போக வேண்டும். என் முறை வந்தபோது இராணுவக்காரர் ரெக்கோடரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேடியோ மாதிரி, பாட்டுப் பதிகிறது என்று சிங்களத்தில் சொன்னேன். பற்றுச்சீட்டைக் காட்டினேன். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் படித்ததும் அவர் முகம் மாறியது. பிறகு பலூன் பக்கெற்றைத் தூக்கி, பிறந்தநாளா என்றார். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. போ என்று கையைக் காட்டினார். அந்த வரிசையில் மட்டும் ஐம்பது நிமிடம் போனது.

புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். சாரதி தமிழர், முகத்துவாரத்துக்காரர். துறைமுகப் பக்க வீதியால் போகவேண்டாம், சுற்றிப் போகலாம், அங்கே இறக்கிச் சோதித்தால் அரை நாள் போய்விடும் என்று அவராகவே சொன்னார். கோயிலுக்குக் கிட்ட வந்ததும், திரும்பும் முனையில் மணல்மூட்டை அடுக்கிய சென்றி ஒன்றை, இராணுவக் காவலரணை, கண்ணால் காட்டினார். "அண்ணே, அதுக்கு முன்னுக்கு நிப்பாட்டேலாது. இங்கயே இறங்குங்க." இறங்கினேன். நேரம் பத்து இருபது.

ரெஜினாவின் அப்பா பக்கவாசலில் நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், கையில் சாவிக் கொத்து. நான் கும்பிட்டேன். அவர் பையைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வரலாம்" என்றார்.

ஒருவரை நீ என்றோ நீர் என்றோ நீங்கள் என்றோ சொல்லாமலே ஒரு காலை முழுக்கப் பேச முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். "செருப்பை அங்க விடலாம்." "மேல ஏறிப் பாக்கிறதெண்டா பாக்கலாம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைக் கவனமாகக் கேட்டார். பாடகர்கள் நிற்கும் மேல்மாடத்தில் பலூன் உடைய வேண்டும், சனம் இருக்கும் வாங்குகளின் நடுவில் ரெக்கோடர் இருக்க வேண்டும் என்றேன். அவர் மின்விசிறிகளை நிறுத்தினார். கதவுகளைச் சாத்தினார். பிறகு, நான் கேட்காமலே, சென்றிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு பலூன் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று. அவர் அந்த வீதியால் தினமும் போகிற மனிதர், அங்கே நின்ற பையனுக்கு அவரைத் தெரியும்.

முதல் பலூனைப் பதினொன்றரைக்கு நானே மேலே நின்று உடைத்தேன். கீழே இறங்கி ஹெட்ஃபோனில் கேட்டேன். அருமையான வெடி, கூரைக்கு ஏறிப் பரவி அடங்கும் முழக்கம், ஆனால் இரண்டு செக்கனில் வெளியே ஒரு ஓட்டோ ஹோர்ன். முழக்கத்தின் வால் முழுவதும் அந்த ஹோர்ன்.

"இன்னொண்டு வேணும்" என்றேன்.

உடனே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் வெளியே லொறி ஒன்று மரக்கட்டை இறக்கியது. அது போனதும் பன்னிரண்டாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தே ஆக வேண்டும். அவர் போய் அடித்தார். அந்த மணியின் ஊங்காரம் அடங்கும்வரை காத்திருந்தோம். சென்றியில் ஆள் மாறுவதும் பன்னிரண்டு மணிக்குத்தான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை, ஏறி இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம், பலூனைத் தான் உடைப்பதாக அவர் சொன்னார். ஊசியோடு மேலே போனார். நான் வாங்குகளின் நடுவில் ரெக்கோடரை ஓடவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினேன். வெடித்தது. முழக்கம் அடங்கிக்கொண்டே போனது. ஒரு ஹோர்ன் இல்லை, ஒரு காகம் இல்லை. இதுதான், கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கக்கதவு சுவரில் மோதித் திறந்தது.

மூன்று இராணுவத்தினர். துவக்குகள் மூன்றும் என்னைப் பார்த்தன. என் முன்னால் முக்காலியில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கருவி. அதைத் தவிர அங்கே வேறெதுவும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். முன்னால் நின்றவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் விரல் விசையிலேயே இருந்தது, நான் பயந்ததும் அதற்குத்தான்.

அப்போது மேலேயிருந்து சுடவேண்டாம் என்று சிங்களத்தில் ஒரு குரல் கூப்பிட்டது. நல்ல எண்ணத்தோடு கூப்பிட்ட குரல்தான். ஆனால் அந்தக் கோயிலின் முழக்கம் அதை எடுத்துக் கூரையெங்கும் எறிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒரு ஆளா பத்து ஆளா என்று தெரியவில்லை. மூன்று பேரும் மூன்று பக்கமாகத் திரும்பினார்கள். ஒருவன் வாங்குக்குப் பின்னால் பாய்ந்து படுத்தான். நான் எந்த முழக்கத்துக்காகத் தவம் கிடந்தேனோ அதுவே எங்களைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். பிறகு கத்தவில்லை. மரப்படியில் ஒவ்வொரு அடியாகச் சத்தம் கேட்க வைத்து இறங்கி வந்தார். இரண்டு கையும் மேலே. ஒரு கையில் கிழிந்த சிவப்பு ரப்பர்.

கோப்ரல் ஒருவர் பின்னால் வந்தார். அவர் கொஞ்சம் நிதானமானவர். ரப்பரை வாங்கிப் பார்த்தார். அங்கிள், நீங்கள் இந்தக் கோயில் ஆளா என்று கேட்டார். ரெஜினாவின் அப்பா ஓமென்றார். என் அடையாள அட்டையை எடுத்துச் சாவகச்சேரி என்று சத்தமாக வாசித்தார்கள். எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. கோப்ரல் அவரைத் தனியே இரண்டடி தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டார். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா, இல்லை கூலிக்கு வேலை செய்ய வந்தவனா? தெரியாதென்றால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம், இவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கோயிலில் தணிந்த குரலும் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

கூலிக்கு வந்தவன் என்று சொல்லியிருந்தால் பொய்கூட இல்லை. பாதி உண்மை.

"மகே பேணா" என்றார் அவர்.

மகே பேணா என்றால் சிங்களத்தில் என் மருமகன். நான்கு வருடமாகத் தமிழில் வராத சொல்.

"யாழ்ப்பாணமா?" என்று கோப்ரல் மறுபடி கேட்டார்.

யாழ்ப்பாணம்தான், என் மகளின் புருஷன், பலூனை உடைத்தது நான் என்று அவர் சிங்களத்திலேயே சொன்னார். அப்படியென்றால் இருவரும் பொலிசுக்கு வர வேண்டும் என்றார் கோப்ரல். ரெஜினாவின் அப்பா தலையாட்டினார். கதவுகளைப் பூட்ட ஐந்து நிமிடம் மட்டும் கேட்டார். கொடுத்தார்கள். ஒவ்வொரு கதவாக அவர் பூட்டிவர, ஒருவன் துவக்கோடு பின்னால் நடந்தான். நான் முழங்காலிலேயே இருந்தேன். ஜீப்பில் ஏறும்போது எதிர்க்கடையில் நின்றவர்கள் மாஸ்டரைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது மாதிரி உள்ளே போனார்கள்.

நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். ரெக்கோடரை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பங்குத் தந்தை நீர்கொழும்புக்குப் போயிருந்தார், அவர் வந்து சொன்னால்தான் ஆகும் என்றார்கள். எதிரே இன்னும் நான்கைந்து இளைஞர்கள் இருந்தார்கள். ரெஜினா நாலு மணிவரை ஒன்றும் நினைக்கமாட்டாள், அதற்குப் பிறகு என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து, சுவரைப் பார்த்தபடி மாமா கேட்டார்: "அந்த ரெண்டாவது பதிஞ்சதோ?"

"பதிஞ்சிருக்கும்."

"ஹோர்ன் ஒண்டும் இல்லையே?"

"இல்லை. பூட்ஸ் சத்தம் வருமட்டும் சுத்தமாத்தான் இருக்கும்."

அவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். சிரிப்பென்று நினைக்கிறேன். பிறகு விரலால் வாங்கில் ஒரு கோடு கீறிக் காட்டினார். அது மேல்மாடத்தின் கைபிடிச்சுவர். "ரெஜினா இடப்பக்கம், ஜன்னலடியில நிக்கிறவள். ஜெராட் வலது அந்தம். தம்பிக்காரன் அவனுக்குப் பின்னால, உயரம் காணாதெண்டு ஸ்டூல்ல ஏறி நிப்பான். மற்ற ரெண்டு பேரும் நடுவில." ஒவ்வொருவருக்கும் விரலால் ஒரு புள்ளி வைத்தார். "அப்பிடி நிப்பாட்டிப் போட ஏலுமே?"

ஏலும் என்றேன். குரலை இடதும் வலதுமாக நகர்த்தலாம், பின்னால் நிற்பவனுக்கு முழக்கத்தைக் கூட்டலாம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உரையாடல் என்று சொல்லக்கூடியது எங்களுக்குள் முதலில் நடந்தது அப்போதுதான்.

மூன்று மணியளவில் ஒரு அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு இரண்டு பதிவையும் கேட்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டார். மென்பொருள், பாடகர் குழு, ரொறொன்ரோ என்று சொல்லச் சொல்ல, வெளிநாட்டில் இருப்பவர்கள் யார் யார் என்பதில்தான் அவருக்கு அக்கறை வந்தது. ரொறொன்ரோ என்று ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெயர்களை எழுதிக்கொண்டார். கடைசியில் ரெக்கோடரை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது பதிவில் எங்கள் ஆட்களின் குரல் இருக்கிறது, அழித்துவிடு என்றார். முதல் நான்கு செக்கனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எனக்கே அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவர் விரலால் ரெக்கோடரைத் தட்டிக் காட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். அழிந்தது.

நாலரைக்குப் பங்குத் தந்தை வந்து கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் மாமா கோயில் பக்கமாக நடக்கத் தொடங்கினார். அவர் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. போய்விட்டு வருகிறேன் மாமா என்றேன். திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அங்கிருந்து வெள்ளவத்தை வரை ஓட்டோ அறுநூறு ரூபா. பேரம் பேசவில்லை. பஸ்ஸில் ஏற எனக்கு மனமில்லை. ரெஜினா வீட்டு வாசலில் சப்பாத்தோடு நின்றாள், வெளியே கிளம்ப ஆயத்தமாக.

என்னிடம் மிஞ்சியது ஹோர்ன் விழுந்த முதல் பதிவு மட்டும். அதைத் திருத்தலாமா என்று இரண்டு நாள் முயன்றேன். ஹோர்னை எடுக்க முழக்கமும் சேர்ந்து போனது. பிறகு, இரண்டு செக்கன்வரை கோயிலின் உண்மையான முழக்கம், அதற்குமேல் மென்பொருள் உண்டாக்கும் வால் என்று இரண்டையும் ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் வந்தது. மூன்றரைச் செக்கன் ஓடி அடங்கியது. மாமா விரலால் வைத்த புள்ளிகளின்படி ஐந்து பேரையும் நிறுத்தினேன். ரெஜினா கேட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போனாள். ஜெராட்டுக்கு அனுப்பவில்லை. முதலில் அவளுடைய அப்பா கேட்கட்டும் என்றாள். அடுத்த ஞாயிறு கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள்.

அவர் சொன்ன பதிலை அவள் வந்து அப்படியே சொன்னாள். "கோயில் சரி. ஆனா ஒருத்தரும் இல்லாத கோயில். பூசை நேரம் இப்பிடிக் கேக்காது."

நான் படித்த பாடம்தான். சனத்தின் உடலும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சும். ஆளில்லாத கட்டடத்தில் முழக்கம் நீளும், நிறைந்த கட்டடத்தில் சுருங்கும். நான் பதிந்ததோ பூட்டிய கோயில். அன்று மாலையே முழக்கத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். மேல் சுருதியை மங்க வைத்தேன். இரண்டு செக்கனுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தபோது ரெஜினா கையைத் தூக்கி நிறுத்தினாள். வாங்குகள் நிறைந்திருந்தன. ஹோர்ன் விழுந்த பகுதியும் நான் ஒட்டிய வாலும் தேவையே இல்லாமல் போயின. கேட்பது முழுவதும் அந்தக் கோயில்தான்.

பாட்டை எல்லோருக்கும் அனுப்பினேன். ஜெராட் இதுவரை பதில் எழுதவில்லை. பாட்டைப் போட்டதும் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான் என்று ஜெராட்டின் மனைவி ரெஜினாவுக்கு எழுதியிருக்கிறாள். பாரிஸிலிருந்து, மற்ற ஐந்து பாட்டும் எப்போது என்று கேட்டு வந்திருக்கிறது.

கண்டி நண்பருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். முடிந்தால் பலூனை விட்டுவிடுங்கள். கீழ்ச் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை இழுத்துக்கொண்டு போகும் ஒரு சத்தத்தைச் சிறிய ஸ்பீக்கரில் போட்டுப் பதிந்தாலும் மென்பொருள் அதிலிருந்து முழக்கத்தைப் பிரித்தெடுக்கும். வெடிச்சத்தம் இல்லை. ஆனால் அது சைரன் மாதிரிக் கேட்கும், அதையும் யோசியுங்கள். கட்டடத்துக்குப் பொறுப்பானவர் கூடவே இருக்க வேண்டும். பக்கத்துச் சென்றிக்கு ஒரு தடவை சொன்னது போதாது, ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், ஆள் மாறும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் வேறு வேறு பதிவாக எடுங்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். கருவியின் பற்றுச்சீட்டை மறக்க வேண்டாம். யாராவது கேட்டால் வெளிநாட்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். முழு நாளையும் ஒதுக்குங்கள், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து.

இவ்வளவும் செய்யும் அளவுக்கு அது பெறுமதியானதா என்று யாராவது கேட்கலாம். பொலிஸ் நிலையத்தில் எனக்கு எதிரே இருந்த இளைஞர்கள் எப்போது போனார்கள், போனார்களா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வந்து சேர்ந்ததும் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. ஏழு மணியிருக்கும், நான் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ரெஜினா எடுத்து, அப்பா என்றாள். பிறகு ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். தன்னோடு பேச எடுக்கவில்லையாம்.

ஈரத் துவாயோடு வாங்கினேன்.

"வந்து சேர்ந்திட்டீரோ?" என்றார்.

"ஓம் மாமா."

"சரி" என்று வைத்துவிட்டார்.